செங்கல் வைத்த அலமாரி

மரத்தை விலைக்கு வாங்கும் முன் அதனைத் தட்டிப் பார்க்க வேண்டும் என்பார் என் தந்தையார். விரலை மடக்கிக் கணுவினால் இரு முறை தட்டுவார். தலையைச் சாய்த்துக் கேட்பார். வைரம் பாய்ந்த மரம் ஒரு விதமாகவும், உள்ளே பூச்சி அரித்த மரம் வேறொரு விதமாகவும் விடை கூறும். "மரம் பொய் சொல்லாது, கேட்கிறவன்தான் தனக்கு வேண்டியதைக் கேட்டுக்கொள்வான்" என்பது அவர் அடிக்கடி கூறும் மொழி. அறுபது வயதைக் கடந்த பின்னர், அண்டை வீடொன்றில், நான்கு செங்கற்களின் முன்னே நின்றபோதுதான் அம்மொழியின் பொருள் எனக்கு முழுமையாக விளங்கிற்று.

விழுப்புரத்தில் நான் குடியிருந்தபோதிலும் என் வேர்கள் திண்டிவனத்தில் உள்ளன. புளியங்காடு என்று பொருள்படும் 'திந்திரிணி வனம்' என்ற பெயரே நாளடைவில் திண்டிவனம் ஆயிற்று என்பர். புளியின் வைரம் இரும்பை ஒத்தது. இழைப்புளியின் அலகை எளிதில் மழுக்கிவிடும். "புளியை இழைத்துப் பழகியவனுக்குத் தேக்கு வெண்ணெய்" என்று என் தந்தையார் சிரித்துக்கொண்டே சொல்வார். அவர் அவ்வூரில் ஒரு சிறிய தச்சுப் பட்டறை வைத்திருந்தார். வேம்பு, பூவரசு, வாகை, பலா ஆகியவையே அங்குப் பெரும்பாலும் புழங்கிய மரங்கள். தகரக் குவளையில் கொதிக்கும் வச்சிரப் பசையின் நாற்றம் எங்கள் சட்டைகளிலும் ஏறியிருக்கும். 1959-இல் ஃபெவிகால் சந்தைக்கு வந்து, பின்னர் சிற்றூர்ப் பட்டறைகள் வரையிலும் பரவியபோதுதான் அந்த நாற்றம் எங்களை விட்டு நீங்கியது.

மே முதல் நாளன்று மட்டும் பட்டறை திறக்கப்படாது. 1955-இல் திருத்தந்தை 12-ஆம் பயஸ் அந்நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். அன்று என் தந்தையார் உளி, ரம்பம், இழைப்புளி, கொட்டாப்புளி அனைத்தையும் எண்ணெயிட்டுத் துடைத்து வரிசையாக அடுக்கி, சூசையப்பர் படத்தின் முன் ஒரு மெழுகுதிரி ஏற்றுவார்.

எனக்கோ அப்பட்டறை வெட்கத்தைத் தந்தது. வகுப்பில் தந்தையின் தொழில் என்னவென்று கேட்கப்பட்டபோது, 'மர வியாபாரம்' என்று விடையளித்தவன் நான். படித்தேன், ஆசிரியரானேன். விழுப்புரத்தில் வீடும் திண்டிவனத்தில் பணியுமாக, 40 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான அத்தொலைவைத் தொடர்வண்டியில் நாள்தோறும் கடந்தேன். தந்தையார் மறைந்தபோது அவருடைய கருவிகள் ஒரு சாக்கில் கட்டப்பட்டு என் வீட்டுப் பரண்மீது ஏறின. பணி ஓய்வு பெற்ற பிறகே அந்தச் சாக்கை அவிழ்த்தேன். துருவேறிய உளிகளைச் சாணைக் கல்லில் தீட்டியபோது, கைப்பிடியில் அவருடைய பெருவிரல் பதிந்து பதிந்து உண்டான பள்ளத்தில் என் விரலும் பொருந்தி அமர்ந்தது. வீட்டின் பின்புறம் பத்தடிக்கு எட்டடியில் தகரக் கூரை வேய்ந்து, ஒரு வேலைமேசை அமைத்தேன். என் வெட்கம் தீர்ந்துவிட்டதென்று எண்ணிக்கொண்டேன்.

2024 நவம்பர் 30-ஆம் நாள் இரவு 'ஃபெஞ்சல்' புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்த பின்னும் அகலாமல் நெடுநேரம் அங்கேயே நின்றது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. டிசம்பர் 2-ஆம் நாள் விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்திற்கும் இடையிலுள்ள தொடர்வண்டிப் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் வண்டிகள் நிறுத்தப்பட்டன. தென்பெண்ணை கரைபுரள, அரசூர் அருகே சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலும் வெள்ளம் பாய்ந்தது. எங்கள் தெருவில் முழங்காலளவு நீர் இரண்டு நாள் நின்றது.

நீர் வடிந்ததும் வீடுகளுக்குள் இருந்தவை வீதிக்கு வந்தன. பாய், தலையணை, பாடநூல், அரிசி மூட்டை. இவற்றிற்கிடையே அலமாரிகள், கணினி மேசைகள், கட்டில் தலைப்பலகைகள். வெளித்தோற்றத்தில் தேக்கின் வரியும் நிறமும் கொண்ட அவை அடிப்பக்கம் ஊதி, விளிம்பு பிளந்து, ஊறிய ரொட்டியைப் போல் உதிர்ந்துகொண்டிருந்தன. எங்கள் மாவட்டத்துத் திருவக்கரையில் சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரங்கள் நீரிலும் மணலிலும் புதைந்து கல்லாக மாறிக் கிடக்கின்றன. இங்கோ, இரண்டு நாள் நீரில் மரம் மாவாயிற்று.

எங்களுக்கு மூன்றாம் வீட்டில் ஒரு தாயும் பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளும் வாழ்கின்றனர். குடும்பத் தலைவர் சென்னையில் வேலை செய்து வாரம் ஒரு முறை வருபவர். அவர்கள் மாதத் தவணையில் வாங்கிய மூன்று கதவு அலமாரியும் வீதிக்கு வந்திருந்தது. "இன்னும் ஏழு தவணை இருக்கிறது, சார்" என்றார் அந்த அம்மா. குறைபட்டுக் கூறவில்லை, ஒரு கணக்கைத் தெரிவிப்பதுபோல் கூறினார். பொருள் அழிந்தபின்னும் கடன் அழியாமலிருப்பதை அதற்கு முன் நான் அவ்வளவு அருகில் நின்று கண்டதில்லை.

அந்த அலமாரி எதனாலானது என்பதைச் சற்று விளக்க வேண்டும். பார்ட்டிகிள் போர்டு எனப்படும் பலகை மரச்சீவல்களைப் பசையுடன் கலந்து, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கிச் செய்யப்படுவது. அதன் இரு முகங்களிலும் மர வரி அச்சிட்ட மெல்லிய மேற்பூச்சுத் தாள் ஒட்டப்படுகிறது. 1930-களில் ஜெர்மானியரான மாக்ஸ் ஹிம்மெல்ஹேபர் இம்முறையை வகுத்தவர்களுள் முதன்மையானவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது அங்கே தொழிற்சாலை உற்பத்தியாயிற்று. வெட்டப்பட்ட மரத்தில் பெரும்பகுதி கழிவாகிப் போவதைக் கண்டு, அக்கழிவையும் பயனுள்ளதாக்க வேண்டும் என்பதே அன்றைய நோக்கம். சிக்கனத்திற்கெனப் பிறந்த பலகை இன்று விரைவில் வீசி எறியப்படும் பொருளாகிவிட்டது.

இப்பலகையில் வழக்கமாகச் சேர்க்கப்படும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை ஈரத்தைத் தாங்காது. இறுக்கி அழுத்தப்பட்ட சீவல்கள் நீர் பட்டவுடன் தம் பழைய பருமனுக்கே திரும்ப முயல்கின்றன, பசையின் பிடி விடுகிறது, பலகை ஊதுகிறது. உலர்ந்தபின்னும் அது பழைய நிலைக்கு மீள்வதில்லை. ஒட்டுப்பலகையாகிய பிளைவுட்டில் இந்திய தர நிர்ணயப்படி ஈரத்தை ஓரளவே தாங்குவதும், கொதிநீரைத் தாங்குவதும் எனத் தனித்தனி வகைகள் உண்டு. மேற்பூச்சு ஒன்றாக இருக்கும்போது வாங்குவோர் கண்ணுக்கு உள்ளிருப்பது தெரிவதில்லை. கள்ளக்குறிச்சிப் பகுதியின் மரச்சிற்பங்களுக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாம் பெருமைப்பட்டோம். ஆனால் நம் வீடுகளில் புகுந்துவிட்ட மரம் வேறு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எனக்குள் ஒரு எண்ணம் எழுந்தது. அலமாரியின் அடிப்பகுதிதானே நீரில் நின்றது? மேற்பகுதி நன்றாகத்தானே இருக்கிறது? அந்த அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, பதினொரு பலகைகளையும் என் கொட்டகைக்குக் கொண்டுவந்தேன். ஊதிய அடிப்பாகத்தை அறுத்துத் தள்ளினேன். மீந்த பலகைகளைக் கொண்டு, சிறுமியின் புத்தகங்களுக்கென நான்கு தட்டுகள் கொண்ட ஓர் அலமாரியை மூன்றே நாளில் செய்து முடித்தேன். அதனைச் சுமந்துசென்று வைத்தபோது தாயும் மகளும் கைகூப்பினர். தெருவில் இருவர் பாராட்டினர். கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு நான்கு நாளே இருந்தன. அன்றிரவு நான் நிறைவோடு உறங்கினேன்.

பொங்கல் கழிந்து ஒரு நாள், அச்சிறுமிக்குக் கணக்கில் ஓர் ஐயம் என்று அழைக்கப்பட்டு அவ்வீட்டிற்குச் சென்றேன். அலமாரி இருந்த மூலையில் ஒரு சேலைத் துணி திரைபோல் தொங்கவிடப்பட்டிருந்தது. மின்விசிறிக் காற்றில் அத்திரை விலகியது. இரண்டாம் தட்டு நடுவில் தொட்டிலைப்போல் வளைந்து தொங்கிற்று. அதன் அடியில் இரண்டு செங்கற்கள். கீழ்த்தட்டின் ஒரு முனையில் திருகாணி பிடுங்கிக்கொண்டு வந்து, பலகையின் விளிம்பு உதிர்ந்திருந்தது. அங்கும் இரண்டு செங்கற்கள். பாடநூல்கள் தரையில் ஒரு சாக்கின்மேல் அடுக்கப்பட்டிருந்தன.

"எப்போது விழுந்தது, அம்மா?" என்று கேட்டேன்.

சிறுமி தலைகுனிந்தாள். "கொடுத்து ஒரு வாரத்திலேயே, தாத்தா. நீங்கள் ஆசையாகச் செய்து கொடுத்தீர்கள். சொன்னால் வருத்தப்படுவீர்கள் என்றுதான்..."

தாய் குறுக்கிட்டார்: "இலவசமாக வந்ததைக் குறை சொல்லலாமா, சார்?"

அந்தச் சொல் என்னைத் தைத்தது. விலை கொடுத்து வாங்கிய பொருள் உடைந்தால் கடைக்காரரிடம் கேள்வி கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. கொடையாக வந்த பொருள் உடைந்தபோது அந்த உரிமையும் இல்லாமல், என் மனம் நோகாதிருக்கத் திரையிட்டு மறைக்கும் கடமையும் அவர்கள்மேல் ஏறியிருந்தது. நான் அவர்களுக்குத் தந்தது ஓர் அலமாரியையா, ஒரு சுமையையா?

வீடு திரும்பி என் அறையில் அமர்ந்தேன். எனக்கென நானே செய்துகொண்ட புத்தகத் தட்டு எதிரே நின்றது. அதற்குத் தேக்குச் சட்டம் இட்டிருந்தேன். ஒவ்வொரு தட்டின்மீதும் ஏறி நின்று சோதித்திருந்தேன். சிறுமியின் அலமாரியை நான் ஒரு முறையேனும் சோதிக்கவில்லை. ஏன்? 'அவர்களுக்கு இது போதும்' என்று என் உள்ளத்தின் ஒரு மூலை முன்னரே முடிவு செய்திருந்தது. தந்தையின் தொழிலை 'மர வியாபாரம்' என்று சொன்ன அதே சிறுவன் அந்த மூலையில் இன்னும் அமர்ந்திருந்தான். அன்று அவன் தொழிலைத் தாழ்வாக எண்ணினான். இன்று அத்தொழிலைப் பெற்றுக்கொள்வோரைத் தாழ்வாக எண்ணினான்.

மறுநாள் உடைந்த பலகைத் துண்டொன்றைப் பையில் இட்டுக்கொண்டு திண்டிவனத்திற்குப் புறப்பட்டேன். என் தந்தையாரிடம் தொழில் பயின்ற ஓர் அண்ணன் அங்கே இருக்கிறார். வயது எழுபதைத் தாண்டியும் நாற்காலி பழுதுபார்த்துக்கொண்டு வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருப்பவர். துண்டை வாங்கி, விரல் கணுவினால் இரு முறை தட்டினார். என் தந்தையார் தட்டும் அதே தட்டு. தலையும் அப்படியே சாய்ந்தது.

"இதைத் தட்டிப் பார்த்தாயா, தம்பி?"

"இல்லை, அண்ணா."

"தட்டியிருந்தால் மொத்துமொத்தென்று கேட்டிருக்கும். ஈரம் நீ அறுத்த இடத்துக்கு மேலும் ஏறியிருக்கிறது." பிறகு துண்டை ஒளியில் திருப்பிப் பார்த்தார். "மரத்துக்கு நார் உண்டு; நீளவாக்கில் சுமை தாங்கும். இதற்கு நார் இல்லை. நார் இல்லாததை மூன்றடி நீளத்துக்கு விட்டு, நெற்றியில் திருகாணியும் அடித்தால் அது என்ன செய்யும்? பலகையைக் குற்றம் சொல்லாதே. சுற்றிலும் மரச் சட்டம் போடு. சுமையைச் சட்டம் தாங்கட்டும். பலகை புத்தகத்தை ஏந்திக்கொண்டால் போதும்."

என் தந்தையார் இத்தகைய பலகையைத் தொட்டதில்லை. 'தூள் பலகை' என்று ஒதுக்கிவிடுவார். அவரிடம் பயின்றவரோ அதனை ஒதுக்கவில்லை. அதன் வலிமை எது, வலிமையின்மை எது என்று கேட்டறிந்து, அதற்கேற்ற இடத்தை அதற்குக் கொடுத்தார்.

இரண்டாம் முறை வேலை மூன்று வாரம் பிடித்தது. பலகைகளை நிழலில் உலர்த்தி, ஒவ்வொன்றின் விளிம்பையும் பல இடங்களில் அளந்தேன். 18 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய கனம் எங்கே கூடியிருந்ததோ, அங்கிருந்து மேலும் ஒரு சாண் தள்ளி அறுத்தேன். தட்டினால் மந்தமாக ஒலித்த பகுதிகளையும் விலக்கினேன். பதினொரு பலகையில் ஆறே தேறின. மேற்பூச்சு பெயராமலிருக்க, அறுக்குமிடத்தில் முதலில் கூரிய கத்தியால் கோடு கீறினேன். கைரம்பம் கீழ்நோக்கி அறுப்பதால் நல்ல முகத்தை மேற்புறமாக வைத்துக்கொண்டேன். பழைய கீல்களையும் கைப்பிடிகளையும் கழற்றி, துருவைத் துடைத்து வைத்தேன்.

இடித்த வீடுகளின் மரங்களை விற்கும் கடையில் வேப்பமரச் சட்டங்கள் கிடைத்தன. யாரோ ஒருவர் வீட்டு வாசற்கால். ஆண்டுகள் பல உலர்ந்து முறுக்கம் நீங்கிய மரம். அவற்றைத் துளையும் கழுந்துமாகப் பொருத்தி, மூங்கில் ஆணி அடித்துச் சட்டகம் எழுப்பினேன். மூன்றடி இடைவெளியை நடுவில் ஒரு கால் இட்டு ஒன்றரை அடியாகக் குறைத்தேன். தாங்கும் இடைவெளி இருமடங்கானால் அதே சுமைக்குப் பலகை எட்டு மடங்கு வளையும் என்பது கணக்கு. பிறருக்குக் கணக்குக் கற்பித்தவன் முதல்முறை அதை நினைக்கவில்லை. பலகையின் நெற்றியில் திருகாணி அடிக்காமல், அதனைச் சட்டத்தின் பள்ளத்தில் படுக்கவைத்தேன். வெட்டுவாய்கள் அனைத்திலும் பசை தடவி, மெல்லிய மரப்பட்டி ஒட்டி, வார்னிஷ் பூசி மூடினேன். ஈரம் நுழையும் வாயில் அவ்விளிம்புதான். அடியில் நான்கு அங்குல உயரக் கால்கள் முழுவதும் வேம்பு. அடுத்த முறை வீட்டிற்குள் சிறிது நீர் வந்தாலும் பலகையைத் தொடாது.

தேறாத துண்டுகளை என்ன செய்வது? எங்கள் தெருவில் சிலர் அவற்றை வெந்நீர் அடுப்பில் இட்டனர். நான் வீடு வீடாகச் சென்று வேண்டாமென்று கேட்டுக்கொண்டேன். அது வெறும் விறகு அன்று. பசையும் மேற்பூச்சும் சேர்ந்து எரிந்து நச்சுப் புகையாகும். ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்தியது. மரத்தூளும் அதே வகையைச் சார்ந்தது என்று அது 1995-இலேயே அறிவித்திருந்தது. ஆகவே இப்பலகையை அறுப்போர் திறந்த வெளியில், மூக்கையும் வாயையும் தகுந்த முகக்கவசத்தால் மூடிக்கொண்டு அறுப்பதே நன்று. நான் தேறாதவற்றை நகராட்சிக் குப்பை வண்டியில் ஏற்றினேன். எல்லாவற்றையும் மீட்க இயலாது என்பதை ஏற்றுக்கொள்வதும் இத்தொழிலின் ஒரு பகுதி.

அலமாரி முடிந்ததும் அதனை உடனே கொண்டுபோகவில்லை. தட்டுகளில் என் புத்தகங்கள் அனைத்தையும் அடுக்கி, அவற்றின்மேல் இரண்டு அரிசி மூட்டைகளையும் ஏற்றி, பத்து நாள் விட்டுவைத்தேன். நார் இல்லாத பலகை சுமைக்கு உடனே வளையாமல் நாள்பட வளையும் இயல்புடையது. ஒரு நாள் சோதனை அதற்குப் போதாது. பத்தாம் நாள் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தேன். தட்டுகள் நேராக நின்றன.

தேர்வுக்குச் சில வாரங்களுக்கு முன் அதனை அவ்வீட்டில் சேர்த்தேன். இம்முறை ஒன்றை வாய்விட்டுக் கேட்டுக்கொண்டேன்: "அம்மா, இதில் ஏதேனும் பழுது கண்டால் அன்றைக்கே வந்து என்னைக் கேட்க வேண்டும். காசு வாங்கவில்லை என்பதற்காக நீங்கள் கேட்காமல் இருந்தால், நான் தொழிலாளி அல்லன் என்று ஆகிவிடும்." அந்த அம்மா சற்று நேரம் என்னைப் பார்த்தார். பின்னர், "சரி, சார். இந்தக் கதவு கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது" என்றார்.

அந்தச் சொல்லைக் கேட்டு நான் அடைந்த மகிழ்ச்சி, கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு முன் பெற்ற பாராட்டுகளில் இல்லை. உடனே இழைப்புளியை எடுத்துவந்து, கதவின் விளிம்பில் இரண்டு சீவல் எடுத்தேன். கதவு தடையின்றி மூடியது.

எறியப்பட்டவற்றை எடுத்துப் பயன்படுத்துவது நற்செயல் என்று நாம் பேசுகிறோம்; எழுதுகிறோம். அது உண்மையே. ஆயினும், எறியப்பட்ட பொருளைக் கொண்டு செய்தது என்பதால் அது எப்படியும் இருக்கலாம் என்று நாம் எண்ணும் நொடியில், அதனைப் பெறுவோரையும் எறியப்பட்டவர்களோடு சேர்த்து எண்ணிவிடுகிறோம். நம் பங்குகளில் பழைய துணி, பழைய புத்தகம், பழைய மேசை எனத் திரட்டிப் பகிர்ந்தளிக்கிறோம். கொடுக்குமுன் அவற்றை ஒரு முறை தட்டிப் பார்த்தால் என்ன? நம் வீட்டில் நாம் வைத்துக்கொள்வோமா என்று கேட்டுப் பார்த்தால் என்ன?

அந்த நான்கு செங்கற்களையும் கேட்டு வாங்கி வந்தேன். அவை இப்போது என் கொட்டகையில், தந்தையாரின் கருவிகளுக்குக் கீழே வரிசையாக இருக்கின்றன. சென்ற மே முதல் நாளன்று உளிகளை எண்ணெயிட்டுத் துடைத்து அவற்றின்மேல் அடுக்கினேன். ஒரு மெழுகுதிரியும் ஏற்றினேன். பேத்தி அருகில் வந்து, "தாத்தா, உங்கள் அப்பா என்ன வேலை செய்தார்?" என்று கேட்டாள்.

"தச்சர், அம்மா" என்றேன்.